போர்வைக்கு வெளியே இருந்த கை

டயாலிசிஸ் பிரிவின் தலைமைச் செவிலியராக இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி, இன்று பிற்பகலோடு ஓய்வு பெறும் எங்கள் பெரிய சிஸ்டருக்கு, அவருடன் நின்று வேலை பார்த்தவர்களும் அவரிடம் திட்டு வாங்கியவர்களும் ஒன்றுகூடி, பெருமிதத்தோடு படித்தளிக்கும் மடல்.

பதினான்கு கட்டில்களின் பாதுகாவலரே, பழுதான இயந்திரத்தையும் பதறும் நோயாளியையும் ஒரே குரலில் அடக்கிய ஆற்றலே, ஊசி ஏற்றும் கைக்கு உறுதியும் ஊசி ஏறும் கைக்கு ஆறுதலும் ஒருங்கே அளித்த அன்னையே, விடுப்புக் கேட்டு வந்தவரை ஏற இறங்கப் பார்த்தே வேலைக்குத் திருப்பி அனுப்பிய வித்தகரே, வணக்கம்.

போன ஆண்டு வேறொருவரின் பிரிவு விழாவில் நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். மடல் படிக்கப் படிக்க, "இதுல பாதி உண்மையா இருந்தாலே அவரைக் கோயில்ல வைக்கலாம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தீர்கள். அது முன்வரிசை வரைக்கும் கேட்டது. அந்தப் பயத்திலேயே இந்த மடலை எழுதியிருக்கிறோம். உங்களைப் பொறுமையின் சிகரம் என்று எழுதவில்லை. இன்சொல் பேசுபவர் என்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் இந்தக் கூடத்தில் எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

உங்கள் சிறப்புகளை நிரல்படுத்தி அடுக்கவும் போவதில்லை. ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். அதில் உங்கள் தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம், ஏனென்றால் அதை மறைக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே நீங்கள்தான். நேருக்கு நேராக 'நீங்கள், நீங்கள்' என்று சொல்லிக்கொண்டே போனால் பாதியில் எழுந்து கை கழுவப் போய்விடுவீர்கள். ஆகவே கொஞ்ச தூரம் வேறு யாரையோ சொல்வது போலப் 'பெரிய சிஸ்டர்' என்றே சொல்லிப் போகிறோம். உட்கார்ந்து கேளுங்கள்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, ஆறாம் கட்டிலுக்கு நூலகத்தில் வேலை பார்த்த அம்மா ஒருவர் வாரம் மூன்று முறை வந்துகொண்டிருந்தார். பருத்த உடம்பு, நெடுநாள் சர்க்கரை, சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. அதிர்ந்து பேசமாட்டார். நான்கு மணி நேரமும் மார்பு வரை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஊசி இருக்கும் கையை மட்டும் வெளியே நீட்டியபடி படித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அவர், "சிஸ்டர், தொடையில இந்தப் போர்வை பட்டாலே நெருப்பு வச்ச மாதிரி இருக்கு" என்றார்.

"இன்சுலின் அங்கதானே போட்டுக்கிறீங்க? கன்னிப் போயிருக்கும். ஒரு வாரம் வேற பக்கம் போட்டுப் பாருங்கம்மா" என்றார் பெரிய சிஸ்டர்.

அவ்வளவுதான். யாரும் போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை. அவரும் விலக்கிக் காட்டுகிற ஆள் இல்லை. அதே வலியைச் சொல்லிக்கொண்டே மூன்று வாரம் போன பிறகு, எடை பார்க்க எழுந்தவர் எழுந்த வேகத்தில் கத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கிட்னி டாக்டர் போர்வையைத் தூக்கினார். இரண்டு தொடைகளிலும் மீன்வலை விரித்தாற்போல ஊதா நிறக் கோடுகள். தொட்டால் தோலுக்கடியில் பலகை போன்ற இறுக்கம். இடது தொடையின் உட்புறம் தோல் திறந்து, நடுவில் கரித்துண்டு போன்ற கறுப்புப் பொருக்கு.

கால்சிஃபைலாக்சிஸ் என்ற பெயரை எங்களில் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். சிறுநீரகம் செயலிழந்தவர்களில் அரிதாகச் சிலருக்கு, தோலுக்கும் கொழுப்புக்கும் ரத்தம் கொண்டுபோகும் மயிரிழைக் குழாய்களின் சுவரில் சுண்ணாம்புச்சத்து படிந்துவிடும். குழாய் குறுகும், உள்ளே ரத்தம் உறையும், அந்த இடத்துத் தோல் பட்டினி கிடந்து சாகும். வலி முதலில் வரும், புண் பிறகுதான் தெரியும். புண் திறந்துவிட்டால் அதன் வழியே கிருமி நுழையும். புண் கண்டுபிடித்த பதினோராவது வாரம் நூலகத்து அம்மா இறந்து போனார். அவரைக் கொன்றது அந்தக் கிருமிதான்.

நாற்றமடிக்கும் புண்ணைப் பார்த்துப் பின்வாங்காத பெரிய சிஸ்டர், அன்று கருவிகள் வைக்கும் அறையில் தனியாக நின்றுகொண்டிருந்தார். அழவில்லை. கிட்னி டாக்டர் உள்ளே வந்தார்.

"முன்னாடியே பார்த்திருந்தா பொழைச்சிருப்பாங்களா டாக்டர்?"

"உறுதியா சொல்ல முடியாது. ஆனா தோல் திறக்கிறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சா வாய்ப்பு ரொம்ப அதிகம். திறந்த பிறகு நம்ம கையில அதிகம் இல்ல."

"மூணு வாரம் எங்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

 

அடுத்த திங்கட்கிழமை பிறந்ததுதான் எங்கள் பிரிவின் புகழ்பெற்ற 'போர்வைப் பரிசோதனை'. வாரத்தின் முதல் முறை வரும் ஒவ்வொரு நோயாளிக்கும், இயந்திரத்தில் இணைப்பதற்கு முன்பு, திரையை இழுத்துவிட்டு வயிறு, மார்பு, இடுப்பு, தொடை, புட்டம் எல்லாவற்றையும் கண்ணால் பார்க்க வேண்டும். கண்ணால் மட்டும் போதாது, உள்ளங்கையால் தடவி இறுக்கம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். பார்த்தவர் கையெழுத்திட வேண்டும். பார்க்காமல் கையெழுத்திட்டவர் கதி என்னவென்று இங்கே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு நன்றாகத் தெரியும்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. இயந்திரங்களைக் கவனித்துக்கொள்ளும் டெக்னீஷியன், நாங்கள் மெஷின் அண்ணன் என்று கூப்பிடுபவர், முதல் வாரமே வாயைத் திறந்தார். "அக்கா, விமான நிலையத்துல கூட இவ்வளவு சோதனை கிடையாது. பெல்ட்டோட விட்டுடுவாங்க."

"நீ பெல்ட்டோட போ. நோயாளியை மட்டும் எங்கிட்ட அனுப்பு."

நோயாளிகளும் முகம் சுளித்தார்கள். வக்கீல் ஒருவர் தன்மானம், தனியுரிமை என்று எழுத்துப்பூர்வமாகவே புகார் கொடுத்தார். பெரிய சிஸ்டர் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நூலகத்து அம்மாவின் கதையைத் தன் தவறு உட்பட ஒன்றுவிடாமல் சொன்னார். வக்கீல் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடுத்த வாரம் திரையைத் தானே இழுத்துவிட்டு, "சீக்கிரம் பாருங்க, எனக்குக் குளிருது" என்றார்.

ஒன்பது ஆண்டுகளில் அந்தப் பரிசோதனை இரண்டு பேரைப் பிடித்தது. இருவருக்கும் தொடையில் ஊதா வலை விழுந்திருந்தது, தோல் திறக்கவில்லை. இருவரும் பிழைத்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து செவிலியர்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். பெரிய சிஸ்டருக்குப் பெருமை வந்துவிட்டது. வரட்டுமே, உழைத்துச் சம்பாதித்த பெருமைதான். ஆனால் பெருமை வந்த இடத்தில் கண் கொஞ்சம் அசந்துவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மூன்றாம் கட்டிலுக்கு வாட்ச்காரர் வந்தார். கடிகாரம் பழுதுபார்ப்பவர், வற்றலான உடம்பு, வாய் மட்டும் வற்றவில்லை. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து அமைக்கும் ஃபிஸ்டுலா, அவருடைய இடது கையில் இரண்டு முறை வைத்தும் அடைத்துப் போயிருந்தது. மூன்றாவதை வேறு வழியில்லாமல் வலது முழங்கைக்கு மேலே வைத்திருந்தார்கள். வேலை செய்யும் கை அது. ஃபிஸ்டுலா வைக்கத் தகுந்த குழாய் அவர் உடம்பில் இனி கிடையாது என்று சர்ஜன் சொல்லியிருந்தார். ஆகவே அந்த ஒற்றைக் கையில்தான் அவர் உயிரும் இருந்தது, பிழைப்பும் இருந்தது.

ஒருநாள் வலது ஆள்காட்டி விரல் நுனி கறுத்திருந்தது. அடுத்த வாரம் நடுவிரல். டயாலிசிஸ் வேலையில் ஊறிய எவரைக் கேட்டாலும், அந்தக் கையைப் பார்த்த மாத்திரத்தில் ஒரே பதில்தான் சொல்வார்கள். ஃபிஸ்டுலா தன் பக்கம் ரத்தத்தை இழுத்துக்கொள்வதால் விரல் நுனிக்குப் போக வேண்டியது போகாமல் நின்றுவிடுவதுண்டு. அதற்குத் 'திருட்டு' என்றே பெயர். எங்களுக்குப் பழக்கமான திருடன். பெரிய சிஸ்டரும் பார்த்தார், "திருட்டுதான்" என்றார். கிட்னி டாக்டரும் தலையாட்டினார். சர்ஜனிடம் அனுப்பினார்கள். வியாழக்கிழமை ஃபிஸ்டுலாவைக் கட்டி மூடிவிட்டு, அதே மேசையில் இரண்டு விரல் நுனிகளையும் எடுத்துவிடுவதாக முடிவாயிற்று. அதன்பிறகு கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ்.

எங்கள் துறைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. ஃபிஸ்டுலா என்ற ஒன்று இருப்பதே தெரியாதவர் அந்தக் கையைப் பார்த்திருந்தால், ஏன் கறுத்தது என்று கேட்டிருப்பார். நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்குத்தான் முன்பே தெரியுமே.

செவ்வாய்க்கிழமை காலை வாட்ச்காரர் மனைவியோடு வந்தார். அறுவைக்கு முன் கடைசி டயாலிசிஸ். பெரிய சிஸ்டர் ஊசித் தட்டோடு போனார்.

"சிஸ்டர், ஒரு சின்ன பேரம்" என்றார் வாட்ச்காரர். "எனக்கு மூணு விரல் இருந்தா போதும். கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல். மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுத்துக்கச் சொல்லுங்க. அது ரெண்டும் சும்மாதான் கிடக்கு."

"இது என்ன காய்கறிக் கடையா?" என்றார் மனைவி. "இதுக்குப் பதிலா அதை எடுத்துக்கங்கன்னு சொல்றதுக்கு?"

"விரல் இல்லைன்னா கடைக்குப் போக மாட்டேன். நாள் பூரா வீட்டுலதான் இருப்பேன். உனக்குச் சம்மதமா?"

"சிஸ்டர், எப்படியாவது அந்த விரலைக் காப்பாத்துங்க" என்றார் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரிய சிஸ்டர் கையை நிமிர்த்தி வைக்கப் போனபோது, போர்வையின் ஓரம் அந்த ஆள்காட்டி விரலில் லேசாக உரசியது. வாட்ச்காரர் துள்ளி எழுந்துவிட்டார். பேச்சு நின்றது, நெற்றி வியர்த்தது.

இந்தத் துணி பட்ட வலியைப் பெரிய சிஸ்டர் ஆறாம் கட்டிலில் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்.

ஊசியைத் தட்டிலேயே வைத்தார். அந்தக் கையைத் தன் இரு கைகளுக்கும் நடுவே வைத்துப் பார்த்தார். உள்ளங்கை கதகதப்பாக இருந்தது. திருட்டுப் போன கை குளிர்ந்து கிடக்கும், வெளிறியிருக்கும். மணிக்கட்டில் நாடி பிடித்தார். துடிப்பு தெளிவாக இருந்தது. பிறகு கட்டை விரலால் ஃபிஸ்டுலாவை அழுத்தி அதன் ஓட்டத்தை நிறுத்தினார். திருடனைப் பிடித்துக் கட்டிவிட்டால் பொருள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். விரல் சிவக்க வேண்டும், வலி குறைய வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அரை நிமிடம் பிடித்திருந்தார்.

"எப்படி இருக்கு?"

"நீங்க அழுத்துற இடம் வலிக்குது. விரல் வலி அப்படியேதான் இருக்கு."

நிறமும் அப்படியேதான் இருந்தது. விட்டுவிட்டு மறுபடியும் அழுத்தினார். மாற்றமில்லை.

"இடது கையைக் காட்டுங்க."

இடது மோதிர விரலின் பக்கவாட்டில் மிளகளவு கறுப்பு. "அது ஒண்ணுமில்ல சிஸ்டர், கடிகாரத்துக்குப் போடற எண்ணெய். ரெண்டு வாரமாத் தேய்க்கிறேன், போகல" என்றார் வாட்ச்காரர். பெரிய சிஸ்டர் ஸ்பிரிட் பஞ்சால் ஒரே ஒரு முறை துடைத்தார். மனுஷன் கையைப் பிடுங்கிக்கொண்டார். கறை போகவில்லை.

அடுத்துக் காலுறைகளைக் கழற்றச் சொன்னார். வலது காலில் ஒரு விரல், இடது காலில் ஒரு விரல், இரண்டின் நுனியிலும் ஊதாப் புள்ளி. கடைசியாகப் போர்வையை விலக்கி வயிற்றையும் தொடையையும் தடவச் சொல்லி மெஷின் அண்ணனை அனுப்பினார். சுத்தமாக இருந்தன. முந்தைய ஆறு வாரமும் சுத்தமாகத்தான் இருந்தன. ஆறு வாரமும் பரிசோதனைத் தாளில் மேற்பார்வைக் கையெழுத்து பெரிய சிஸ்டருடையது.

தொலைபேசியில் கூப்பிட்டதும் கிட்னி டாக்டர் படியிறங்கி வந்தார். நான்கு இடங்களையும் பார்த்தார். மாத்திரைச் சீட்டை வாங்கிப் படித்தார். இதயத் துடிப்பு சீரில்லாததால், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின். எலும்புக்காகக் கால்சியம், வைட்டமின் டி. மூன்றுமே குழாயில் சுண்ணாம்பு படிவதற்குத் துணைபோகக் கூடியவை. டாக்டர் சீட்டை மடித்தார்.

"அதே வியாதிதான் சிஸ்டர். வேற வாசல் வழியா வந்திருக்கு. அந்த அம்மாவுக்கு நடு உடம்புல வந்துச்சு. கொழுப்பு நிறைய இருக்கிற இடம், தொடை, வயிறு. இவர் ஒல்லி. இவருக்கு நுனியில வந்திருக்கு, விரல்ல."

"எது மோசம் டாக்டர்?"

"நடு உடம்புல வர்றதுதான் பொதுவா சீக்கிரம் ஆளைச் சாய்க்கும். நுனியில வர்றது கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். ஆனா எங்க வந்தாலும், தோல் மூடியிருக்கா திறந்திருக்காங்கிறதுதான் பெரிய வித்தியாசம். திறந்துட்டா கிருமிக்கு எல்லா வாசலும் ஒண்ணுதான்."

"வியாழக்கிழமை அந்த விரலை வெட்டுனா?"

"வெட்டுன இடத்துக்கும் அதே குழாய்தானே ரத்தம் கொண்டுபோகணும்? ஆறாம போகலாம். இருக்கிற ஒரே ஃபிஸ்டுலாவும் காரணமில்லாம போயிடும்."

பெரிய சிஸ்டர் தன் கையெழுத்திருந்த பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு, "போர்வைக்கு உள்ள இருக்கிறதைப் பார்க்கணும்னு ஊருக்கே பாடம் எடுத்தேன். கை போர்வைக்கு வெளியவே இருந்துச்சு. வாரத்துக்கு மூணு தடவை நான்தான் அதைப் பிடிச்சு ஊசி ஏத்துனேன்" என்றார்.

அன்று வருத்தப்பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. நேரே அறுவை அரங்கின் வாசலுக்குப் போனார். சர்ஜன் ஒரு அறுவையை முடித்து வெளியே வந்துகொண்டிருந்தார். எல்லோரும் தள்ளி நின்று பேசும் மனிதர் அவர்.

"சார், வியாழக்கிழமை வாட்ச்காரர் கேஸ். அது திருட்டு இல்லைன்னு நினைக்கிறேன்."

"நீங்கதானே சிஸ்டர் திருட்டுன்னு எழுதி அனுப்புனீங்க?"

"ஆமா சார். தப்பா எழுதிட்டேன்."

சர்ஜன் முகக்கவசத்தை இறக்கினார். இப்படியொரு பதிலை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. "இப்ப சரியாச் சொல்றீங்கன்னு என்ன நிச்சயம்?"

"நீங்க ஒரு தடவை வந்து அழுத்திப் பாருங்க சார். விரல் சிவந்துச்சுன்னா வியாழக்கிழமை நானே அவரைத் தள்ளுவண்டியில வச்சுக் கூட்டிட்டு வர்றேன்."

வந்தார். அழுத்தினார். நாங்கள் பதினைந்து பேர் எங்கெங்கோ வேலை செய்வது போல நின்றுகொண்டு அந்த ஒரு விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். விரல் சிவக்கவில்லை. சர்ஜன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார்.

"இந்தக் கையில ரத்தம் ஓடற ஃபிஸ்டுலா இருக்கா?"

"இல்ல சார். ரெண்டும் அடைச்சு நாலு வருஷம் ஆச்சு. திருடன் போகாத வீட்டுலயும் பொருள் காணாமப் போயிருக்கு."

சர்ஜன் சிரிக்கவில்லை. இரண்டு கைகளுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் விரல் எலும்புகளின் ஓரமாக, எலும்பே இல்லாத இடத்தில், வெள்ளை நூல் நூலாகச் சுண்ணாம்பு ஓடியிருந்தது. வியாழக்கிழமைப் பட்டியலை வாங்கி, அந்த வரியை அவரே அடித்தார். போகும்போது, "அடுத்த தடவையும் இப்படியே வந்து சொல்லுங்க" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு இதுவரை வந்ததில்லை. இந்த மடல் அதற்கு ஈடாகாது என்பது எங்களுக்கும் தெரியும்.

அன்றே வார்ஃபரின் நின்றது, வேறு மருந்து வந்தது. கால்சியமும் வைட்டமின் டியும் நின்றன. டயாலிசிஸ் வாரம் ஐந்து நாளாயிற்று, கழுவும் திரவத்தில் சுண்ணாம்புச்சத்து குறைக்கப்பட்டது. வாரத்தில் மூன்று நாள், கடைசி ஒரு மணி நேரம் சோடியம் தயோசல்ஃபேட் என்ற மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. "எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்ல முடியாது" என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். மருந்து ஏறினால் வாட்ச்காரருக்குக் குமட்டும். பாத்திரத்தை ஏந்திப் பிடித்தபடி மனைவி, "கல்யாணமான புதுசுல நான் சமைச்சதைச் சாப்பிட்டப்பகூட இவ்வளவு வாந்தி எடுக்கல" என்பார்.

இரண்டாம் மாதம் ஆள்காட்டி விரல் நுனி திறந்துகொண்டது. எங்கள் எல்லோருக்கும் ஆறாம் கட்டில் நினைவுக்கு வந்தது. அன்று முதல் அந்த விரலுக்குக் கட்டு மாற்றுவதைப் பெரிய சிஸ்டர் வேறு யாரிடமும் விடவில்லை. வலி மருந்து கொடுத்து, அது வேலை செய்யும் வரை அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, ஒட்டாத வலைத்துணியை உப்புநீரில் ஊறவைத்து எடுத்துப் புதிதாகச் சுற்றுவார். சிவப்பு ஏறியிருக்கிறதா, வாடை வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். விடுமுறை நாளிலும் வந்தார். மெஷின் அண்ணன், "அக்கா, அந்த விரலை வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுங்க" என்று சொல்லித் திட்டு வாங்கினார்.

நான்காம் மாதம் வலி குறைந்தது. முதலில் அதை வாட்ச்காரர் சொல்லவில்லை, அவர் தூக்கம் சொன்னது. டயாலிசிஸ் நடக்கும்போதே வாயைப் பிளந்து குறட்டை விட்டார். ஐந்தாம் மாதம் ஆள்காட்டி விரலின் கறுப்புத் தொப்பி காய்ந்து, கட்டு மாற்றும்போது தானாகக் கழன்று வலைத்துணியோடு வந்தது. அரை நகக்கண் அளவு போயிற்று. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் இருந்தது. நடுவிரல் முழுசாகத் தப்பியது. இடது கையின் எண்ணெய்க் கறை மறைந்தது. கால்விரல் இரண்டும் தெளிந்தன. ஃபிஸ்டுலாவின் மேல் கை வைத்தபோது, உள்ளே ஓடும் ரத்தம் இன்று காலையும் அதிர்ந்தது.

வென்றார் எங்கள் பெரிய சிஸ்டர். கத்தி காத்திருந்த மேசையிலிருந்து ஒரு கையை மீட்டு வந்து, அந்தக் கைக்குரியவரிடமே கொடுத்தார். கட்டடத்தில் அன்று எந்த மணியும் அடிக்கவில்லை. மெஷின் அண்ணன் மட்டும் பதினான்கு இயந்திரங்களின் எச்சரிக்கை ஒலியையும் சோதனை என்ற பெயரில் ஒரே நேரத்தில் அலறவிட்டார். அதற்கும் திட்டு விழுந்தது. ஆனால் திட்டியவர் சிரித்துக்கொண்டே திட்டியதைப் பார்த்தவர்கள் நாங்கள் பலர் இருக்கிறோம்.

மறுவாரம் போர்வைப் பரிசோதனையின் தாள் மாறியது. உச்சந்தலை தொடங்கி உள்ளங்கால் வரை, இரு கை விரல்கள், இரு கால் விரல்கள், காலுறை கழற்றி, நகத்தின் ஓரம் உட்பட. புதிதாகச் சேரும் ஒவ்வொரு செவிலியருக்கும் முதல் நாள் பாடம் இரண்டு கதைகள். நூலகத்து அம்மாவின் தொடை, வாட்ச்காரரின் விரல். இரண்டிலும் 'நான் தவறினேன்' என்ற வாக்கியத்தைப் பெரிய சிஸ்டர் ஒருமுறைகூட விழுங்கியதில்லை.

இனி மறுபடியும் உங்களிடமே பேசுகிறோம்.

தவற்றை ஒப்புக்கொள்ளத் தயங்காத தலைமையே, பழுத்த அனுபவத்தையும் ஒரு பஞ்சுத் துண்டால் துடைத்துச் சரிபார்த்த பண்பே, தெரிந்ததையே திரும்பப் பார் என்று தினமும் எங்களைத் துரத்திய தூண்டுகோலே, நீங்கள் எங்களுக்கு அன்பைக் காட்டிலும் பயத்தையே அதிகம் கொடுத்தீர்கள். அந்தப் பயத்தில் பிழைத்தவர்கள் பலர். அதற்காக நன்றி.

இனி உங்கள் காலைகள் உங்களுக்கே சொந்தமாகட்டும். நோயில்லாத உடலோடும், நோகாத முழங்கால்களோடும், யாருக்கும் கையெழுத்திட வேண்டாத நிம்மதியோடும் நீங்கள் நூறாண்டு தாண்டி நடக்க வேண்டும். எங்கள் பிரிவுக்கு எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், விருந்தினராக மட்டும் வாருங்கள். கட்டிலில் படுக்க வராதீர்கள். வந்தால் காலுறையோடு சேர்த்து எல்லாவற்றையும் கழற்றச் சொல்வோம்.

கடைசியாக ஒன்று. சட்டமிட்டு உங்களுக்குத் தரப்போகும் இந்த மடலை அச்சடிக்கலாம் என்றுதான் நினைத்தோம். வாட்ச்காரர் விடவில்லை. மூன்று நாள் கடையை அரை நேரம் மூடிவிட்டு, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, கெட்டித் தாளில் கறுப்பு மையால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். ஆள்காட்டி விரல் கொஞ்சம் குட்டையானதால் 'ழ'கரம் எல்லாம் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். எழுத்து சாய்ந்திருக்கிறதே, வேறு தாளில் எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

என்றும் உங்கள் பார்வைக்கு அஞ்சி நிற்கும்,
டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்கள், டெக்னீஷியன்கள், துப்புரவுப் பணியாளர்கள், கிட்னி டாக்டர், கேட்காமலே வந்து கையெழுத்திட்ட சர்ஜன்.

எழுதிய கை: மூன்றாம் கட்டில், வலது.